சுருதி சேர்க்கும் மாதம்

"வாழ்நாளிலேயே இப்படி ஒரு உடற்கட்டில் அவர் இருந்ததில்லை." ஜூலைக் கடைசியில் இந்த வாக்கியம் காதில் விழுந்துவிட்டால், அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டித்தொடரான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் முகாம் போடுகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நாள் தவறாமல் சேதி வருகிறது. பந்தைப் பிடிக்கும் புது ரிசீவரைத் துரத்திப் பிடிக்க ஆளில்லையாம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கை பக்குவப்பட்டுவிட்டதாம். தற்காப்பு வரிசை இரும்பாகிவிட்டதாம். தேர்ந்த ரசிகர் அத்தனையும் படிப்பார், ஒன்றையும் அப்படியே விழுங்கமாட்டார். சுருதி சேர்ப்பதைக் கச்சேரி என்று எண்ணிக் கைதட்டாத காது அது. பல ஆண்டுகள் ஏமாந்து, கவனித்து, மறுபடி ஏமாந்து பக்குவப்பட்ட அந்தச் சந்தேகத்தை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

அந்தக் கலைக்கு நுணுக்கங்கள் உண்டு. முகாமின் முதல் சில நாட்களில் உடற்கவசம் கிடையாது. தலைக்கவசமும் அரைக்கால் சட்டையும்தான். மோதலே உயிராக உள்ள ஆட்டத்தில் மோதல் இல்லாத நாட்கள் அவை. அப்போது மின்னுகிறவர் நன்றாக ஓடுகிறார் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். பிறகு, ரிசீவரும் அவரைக் காக்கும் கார்னர்பேக்கும் ஒற்றைக்கு ஒற்றை மோதும் பயிற்சி. காணொளிகளில் அதிகம் சுற்றுவது இதுதான். இதில் ரிசீவருக்கு மைதானமே திறந்து கிடக்கிறது. பந்தை எறிபவரை விரட்ட ஒருவரும் இல்லை, வேண்டிய மட்டும் நின்று எறியலாம். கார்னர்பேக் தோற்பதற்கென்றே அமைந்த பயிற்சி என்று சொல்லலாம். முன்வரிசைக்காரர்கள் மோதும் பயிற்சியில் கதை தலைகீழ். அங்கே பாய்கிறவருக்குச் சாதகம். தடுக்கிறவருக்குப் பக்கத்துணை கிடையாது. குவார்ட்டர்பேக்குக்கோ பெரும்பாலும் சிவப்புச் சட்டை, அவரைத் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாக. விலா எலும்பைக் குறிவைத்து 130 கிலோ உடம்பு பாய்ந்து வரும்போது அவர் என்ன செய்வார் என்பதை எந்த முகாமும் காட்டாது.

இன்னொன்றும் இருக்கிறது. முகாமில் அணி தன்னோடு தானே ஆடுகிறது. குவார்ட்டர்பேக் ஒரே நாளில் மூன்று முறை எதிர்த்தரப்பிடம் பந்தைக் கொடுத்துவிட்டால், தற்காப்பைப் பாராட்டுவதா, அவரை நினைத்துக் கவலைப்படுவதா? ஒவ்வொரு நல்ல சேதியின் முதுகிலும் ஒரு கெட்ட சேதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் சுகம்.

சொல்கிறவர் யார் என்றும் தேர்ந்த ரசிகர்கள் பார்ப்பார்கள். முகாமில் 90 பேர் வரை இருக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவில் 53 பேர்தான் மிஞ்சவேண்டும். பயிற்சியாளரின் பாராட்டு சோர்ந்துபோன ஒருவருக்கு ஊட்டமாக இருக்கலாம், அலட்சியமாகத் திரியும் இன்னொருவருக்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பட இசை வெளியீட்டு மேடையில் பேசுகிறவர்கள் படத்தைக் குறை சொல்வதில்லை. முகாமும் அப்படி ஒரு மேடைதான். செய்தியாளருக்கும் தினம் ஏதாவது எழுதியாக வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாம் சேர்ந்து பில்டப் ஆகிவிடுகிறது.

இந்த ரசனையின் உச்சம் என்று நான் கருதுவது, சொல்லப்படாததைக் கேட்பது. யார் முதல் அணியோடு நிற்கிறார் என்று பார்ப்பார்கள். பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் யாரைக் களமிறக்காமல் உட்காரவைத்தார்கள் என்று பார்ப்பார்கள். உட்காரவைக்கப்பட்டவரின் இடம் பெரும்பாலும் உறுதியாகிவிட்டது. நான்காவது கால்மணியில் மூன்று டச்டவுன் போட்டு ஊரைக் கலக்குகிறவரோ இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறவர். தன் அணியின் மிகச் சிறந்த தடுப்பாளரைப் பற்றி மூன்று வாரமாக ஒரு வரிகூட வரவில்லை என்றால், தேர்ந்த ரசிகர் அன்று நிம்மதியாகத் தூங்குவார்.

பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களின் கணக்கு தெரிந்தவர்களுக்கு இரண்டு ஊர்ப் பெயர்கள் போதும். 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் அந்த நான்கு ஆட்டங்களிலும் வென்றது. பிறகு உண்மையான பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸும் அதேபோல நான்கிலும் வென்று, அதேபோல பதினாறிலும் தோற்றது. மறுபக்கம், 2005இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் முன்னாட்டங்கள் ஐந்திலும் தோற்றுவிட்டு, பருவம் தொடங்கியதும் முதல் 13 ஆட்டங்களை வரிசையாக வென்றது. காரணம் எளிது. முன்னாட்டங்களில் நட்சத்திரங்கள் கொஞ்ச நேரமே ஆடுவார்கள், சிலர் ஆடவே மாட்டார்கள். பயிற்சியாளர்கள் தங்கள் வியூகங்களைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்து ஆட்ட முறைகளோடு ஒப்பேற்றுவார்கள். ஜெயிக்கவேண்டும் என்ற தவிப்பு யாரிடமும் இருக்காது.

ஆனால் எதையும் நம்பமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்வது ரசனை ஆகாது. அதற்குப் பயிற்சியே தேவையில்லை. குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரை 1994இல் கிரீன் பே முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். மளிகைக் கடையில் இரவில் அலமாரி அடுக்கினார். 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் நம்பியிருந்தது டிரென்ட் கிரீன் என்ற வேறொருவரை. ஒரு முன்னாட்டத்தில் அவர் முழங்கால் போனது, வார்னர் உள்ளே வந்தார். அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் எறிந்து, இறுதிப்போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். அவருக்கு எந்த பில்டப்பும் இருந்ததில்லை. ரிசீவர் விக்டர் குரூஸ் 2010இல் ஒரு முன்னாட்டத்தில் நியூயார்க் ஜெயன்ட்ஸுக்காக மூன்று டச்டவுன் பிடித்து எல்லோரையும் பேசவைத்தார். அந்த ஆண்டு காயத்தால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு 1,536 கெஜம் எடுத்து, அணியோடு சூப்பர் பவுல் வென்றார். நம்பியவர்கள் ஓராண்டு தள்ளிச் சரியாக இருந்தார்கள். டெட்ராய்ட்டின் 2022 முகாமைப் படம்பிடித்த தொலைக்காட்சித் தொடரில் புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஆறாம் சுற்றில் வந்த மால்கம் ரோட்ரிகஸ் திரும்பத் திரும்பத் தெரிந்தார். புகழ்மொழிகளைத் தள்ளிவிட்டு, அவர் யாரோடு நிற்கிறார் என்று மட்டும் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்தது. அந்தப் பருவத்தின் தொடக்க வரிசையில் அவர் இருந்தார். நெல்லையும் பதரையும் பிரிக்க முறத்தால் நிதானமாகப் புடைக்கவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடக் கூடாது.

கிரீன் பேயில் முகாம் நாட்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளின் சைக்கிள்களை வாங்கி மிதித்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள். அந்தப் பிள்ளை தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிவரும். முகாமில் பில்டப் தீண்டாத காட்சி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சந்தேகப்படுகிற ரசிகர்களும் இதைப் பார்க்கத்தான் வேலியோரம் வந்து நிற்கிறார்கள்.

சந்தேகம் பாசத்தைத் தின்றுவிடும் என்று நினைப்பவர்கள் கிளீவ்லாந்தைப் பார்க்கட்டும். 2018 ஜனவரியில், 16 தோல்விகள் முடிந்ததும், உறையும் குளிரில் ஆயிரக்கணக்கான பிரவுன்ஸ் ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். கோபத்தோடுதான் போனார்கள். அந்த ஊர்வலத்தின் பேரால் ஊர் உணவு வங்கிக்கு நிதியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜூலையில் மறுபடி முகாம் வந்தது, மறுபடி சேதிகள் வந்தன. 2018 செப்டம்பர் 20 அன்று இரவு பிரவுன்ஸ், நியூயார்க் ஜெட்ஸை 21-17 என்று வென்றது. முன்னாட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 635 நாட்களுக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.