முடியாத கதையும் பத்து நிமிஷமும்

ஒரு கதை பதினைந்து வருஷமாக முடியாமல் இருப்பதைக் கொண்டாட முடியுமா? முடியும் என்பது 2024இல் தெரிந்தது. லண்டனைச் சேர்ந்த ஃபெயில்பெட்டர் கேம்ஸ் நிறுவனம் 2009இல் ‘எக்கோ பஜார்’ என்ற பெயரில் இணையத்தில் தொடங்கி, பிறகு ‘ஃபாலன் லண்டன்’ என்று பெயர் மாற்றிய கதை விளையாட்டுக்கு அந்த வருஷம் பதினைந்து நிறைந்தது. சுடுவதும் ஓடுவதும் இதில் கிடையாது. படிக்கணும், ஒன்றைத் தேர்வு செய்யணும், மறுபடி படிக்கணும். அவ்வளவுதான். பிரதி, வாசிப்பு என்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற நாம் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது தப்பு என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைக் காட்டியவர் விமர்சகர் இல்லை. பாடியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்போர்ஷன் பையன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் இங்கிலீஷ் பத்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ‘என்னடா, இவ்வளவு நேரம் படிக்கிறே?’ என்று கேட்டேன். ‘படிக்கலக்கா, வெயிட் பண்றேன்’ என்றான். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியதுதான்.

1

கதை இது. 1862இல் லண்டன் நகரத்தை வௌவால்கள் திருடிப் பூமிக்கு அடியில் கொண்டுபோய்விடுகின்றன. சாகக் கிடக்கும் கணவனின் உயிருக்கு விலையாக மகாராணியே நகரத்தைக் கொடுத்துவிட்டாள். வாங்கியது பஜார். நம்மையெல்லாம் ஆண்ட நகரமே விலைபோன கதை என்பதால் எனக்கு முதலில் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை.

வாசகர் கைதியாக உள்ளே நுழைகிறார், சிறையிலிருந்து தப்பிக்கிறார். அதற்கப்புறம் ஒரே நேர்கோட்டுக் கதை கிடையாது. சின்னச் சின்னக் கதைத்துண்டுகள்தான். எந்தத் துண்டு திறக்கும் என்பதை அவரிடம் சேர்ந்திருக்கும் எண்கள் தீர்மானிக்கின்றன. கூர்ந்து கவனித்தல், மறைந்து திரிதல், ஆபத்தாய் இருத்தல், பேசி மயக்குதல் என்று குணங்களுக்கெல்லாம் அளவு உண்டு. கேட்ட ரகசியம்கூட எண்ணிக்கையில் சேர்கிறது. அதை விற்கலாம்.

ஆசிரியரின் மரணத்தை ரோலான் பார்த் 1967இல் அறிவித்தார். தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தது. பிரதியை வாசகரே எழுதுகிறார் என்று அதற்குப் பிறகு இங்கே எத்தனை பக்கங்கள் எழுதியிருப்போம்! அந்த வாசகருக்கு ஒரு நாள் ரேஷன் கார்டு கொடுப்பார்கள் என்று நாம் யோசிக்கவில்லை.

2

ரேஷன் என்று சும்மா சொல்லவில்லை. திரையில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கிறது. அதில் இருபது செயல்கள். ஒரு தேர்வு செய்தால் ஒன்று குறையும். குறைந்தது திரும்ப வர பத்து நிமிஷம். இருபதும் தீர்ந்தால் முழுதாக நிறைய மூன்று மணி இருபது நிமிஷம். சந்தா கட்டினால் இருபது நாற்பதாகும்.

காத்திருப்பு நமக்குப் புதிதா என்று கேட்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் காக்க வைத்ததே? ஆனால் அங்கே ‘தொடரும்’ என்ற சொல் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தது. காசுள்ளவருக்கும் அடுத்த இதழ் அடுத்த வாரம்தான். காத்திருந்த நாட்களில் ஊரே கூடிப் பேசியது. மெழுகுவர்த்தியின் காத்திருப்போ ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கம்பெனியில் எட்டு மணி நேரம் நேரத்தை அளந்து கொடுத்துவிட்டு வருகிற பையன், படியில் உட்கார்ந்து மறுபடி அளந்து வாங்குகிறான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசே கட்டாமலும் இதை வருஷக்கணக்கில் விளையாடலாம். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. மூன்று இதழ் வந்து நின்றுபோகும் சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கு, வாசிப்பை மட்டும் நம்பிப் பதினைந்து வருஷம் ஓடிய ஒன்றைக் கேலி செய்ய வாய் இருக்கிறதா?

3

இந்தப் பிரதிக்குத் தன்னைப் பற்றித் தெரியும் என்பதுதான் சுவாரசியம். நகரங்களை வாங்கும் அந்தப் பஜாரின் ரகசியம், அது காதல் கதைகளைச் சேகரிக்கிறது என்பது. கதையைத் தின்று வாழும் சந்தை. தன் உற்பத்தி முறையையே தன் மர்மமாக வைத்திருக்கிறது பிரதி.

முடிவில்லாமை என்பதே கோளாறு என்று நான் சொல்லவில்லை. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் வாசிக்கிறார்கள், ராத்திரி கூத்து நடக்கிறது. கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் சாகிறான், திரௌபதி கூந்தல் முடிகிறாள். அடுத்த திருவிழாவில் எல்லாம் முதலிலிருந்து. அந்தக் கதையும் ஓயாத கதைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது முடிகிறது. துரியோதனன் மறுபடி மண்ணாகிறான். யார் கணக்கிலும் எதுவும் சேர்ந்து நிற்பதில்லை.

ஃபாலன் லண்டனிலும் அப்படி ஒரு மூலை உண்டு. ‘மிஸ்டர் ஈட்டனின் பெயரைத் தேடுதல்’ என்று ஒரு கிளைக்கதை. ஈட்டன் என்றால் தின்னப்பட்டவர். போகாதே, போகாதே என்று கதையே எச்சரித்துக்கொண்டிருக்கும். போனால் சேர்த்ததை ஒவ்வொன்றாக இழக்கணும். கடைசிவரை போனால் அந்தப் பாத்திரத்தை மறுபடி விளையாடவே முடியாது. சேர்த்தல்தான் விதி என்றிருக்கும் ஒரு பிரதியில், இழக்கத் துணிந்தவருக்கு மட்டும் ஒரு முடிவு கிடைக்கிறது. பதினைந்தாண்டுக் கொண்டாட்டத்தில் எனக்குக் கொண்டாடத் தோன்றியது இதை மட்டும்தான். வாசகரின் சுதந்திரம் என்று நாம் எழுதியதற்கு இங்கே முதல்முறையாக ஒரு விலை இருக்கிறது.

பையனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ‘அத ஆரம்பிச்சா எல்லாம் போயிடும்க்கா. மூணு வருஷமா சேத்தது’ என்றான். ‘போனா என்னடா, கதைதானே?’ என்றேன். ‘உங்களுக்குக் கதை. எனக்கு வேற என்ன சேந்திருக்கு, சொல்லுங்க’ என்றான்.

என்னிடம் பதில் இல்லை. பார்த்தின் வழியாக யோசித்தும் வரவில்லை. அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. மெழுகுவர்த்தியில் இருபதும் நிறைந்திருந்தது. தொட நேரமில்லாமல் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.