கீழாநெல்லியும் கல்லீரல் தழும்பும்: லான்செட்டில் வந்தது என்ன?

ஐப்பசி மழை விழுந்துட்டா அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வரப்போரமெல்லாம் கீழாநெல்லி முளைச்சிடும். அரைச்சு மோரில் கலந்து மஞ்சக்காமாலைக்குக் கொடுப்பது ஊரறிந்த வைத்தியம். இப்போ அதோட இன்னொரு பேச்சும் சுத்துது: சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போவதையும் கீழாநெல்லி சரிபண்ணுமாம், லான்செட் இதழிலேயே வந்திருக்காம்.

லான்செட்டில் வந்தது உண்மை. ஆனா அது வேற விஷயம். 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்த முதற்கட்ட ஆய்வு அது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாருக் பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் ஒருவர். வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. பிளாசிபோ எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி. 1990-ல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைக்கூட விடுங்க. 1988 ஆய்வு அளந்தது வைரஸ் புரதத்தை. தழும்பை அது அளக்கவே இல்லை.

தழும்பு எப்படி வருது? கல்லீரலில் நட்சத்திர செல்கள் என்று ஒரு வகை உண்டு. சாதாரண நாளில் வைட்டமின் ஏ-யைச் சேமிச்சு வச்சுக்கிட்டு சும்மா இருக்கும். சாராயமோ, வைரஸோ, கொழுப்போ பக்கத்து செல்களைச் சிதைத்தால், காவலுக்கு இருக்கும் குப்ஃபர் செல்கள் டி.ஜி.எஃப் பீட்டா என்ற புரதத்தை விடும். அது நட்சத்திர செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே ஸ்மாட் 2, ஸ்மாட் 3 என்ற தூதுப் புரதங்கள் உட்கருவுக்குப் போய் கொலாஜன் மரபணுவை முடுக்கிவிடும். பி.டி.ஜி.எஃப் என்ற இன்னொரு சமிக்ஞை அந்தச் செல்களைப் பெருக வைக்கும். காயம் ஆறினால் இதெல்லாம் அடங்கணும். காயம் வருஷக்கணக்கா தொடர்ந்தால் கொலாஜன் குவிஞ்சுக்கிட்டே போகும்.

அப்போ டி.ஜி.எஃப் பீட்டாவை அடைச்சிட்டா போச்சே? உடம்பு முழுக்க அடைக்க முடியாது. நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். அதன் முதல் வகை இல்லாமல் பிறக்கும் சுண்டெலி சில வாரங்களிலேயே அழற்சியில் செத்துப்போகும்.

மூலிகைக் கட்டுரைகளில் எனக்குப் பெரிய குறை இங்கேதான். எலிக்கு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பார்கள், முதல் நாளிலிருந்தே கூடவே சாறும் கொடுப்பார்கள். கடைசியில் டி.ஜி.எஃப் பீட்டா குறைஞ்சிருக்கு, ஆகவே சமிக்ஞையைத் தடுக்குது என்று முடிவு. அந்த ரசாயனத்தை முழு நஞ்சாக மாற்றுவதே கல்லீரலின் ஒரு நொதிதான். சாறு அந்த நொதியை மட்டுப்படுத்தியிருந்தாலே காயம் குறையும், சமிக்ஞையும் தானாகக் குறையும். எங்க தொழிலில் சொல்வதானால், லாகில் எரர் குறைஞ்சதை வச்சு பக் தீர்ந்ததுன்னு சொல்ல முடியாது, உள்ளே வர்ற ரிக்வெஸ்டே நின்னிருக்கலாம். தவிர, ஏற்கெனவே விழுந்த தழும்பைக் கரைப்பது தனிக் கேள்வி.

கம்பெனி மருந்துகளும் இதில் அடி வாங்கியவைதான். ஒரே ஒரு நொதியைக் குறிவைத்த சிம்டுசுமாப், செலோன்செர்டிப் இரண்டுமே மனிதர்களிடம் தோற்றன. 2024-ல் அமெரிக்காவில் கொழுப்பு ஈரல் அழற்சிக்கு அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் குறிவைப்பது தழும்புச் சமிக்ஞையை அல்ல, கல்லீரல் கொழுப்பை எரிக்கும் தைராய்டு ஏற்பியை. தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் அதிலும் சுமார் 25 சதவீதம்தான். பிளாசிபோவில் 14.

மூல காரணத்தை நிறுத்தியதும் நடந்ததைப் பாருங்க. ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் கொடுத்து ஐந்து வருஷம் கழித்து திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் லான்செட்டில் வந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அந்த நிலை மாறியிருந்தது. வைரஸ் அடங்கினால் சமிக்ஞை ஓயும். நட்சத்திர செல்களில் சில சாகும், சில பழையபடி அமைதியாகும்.

கீழாநெல்லியை மட்டும் நம்பி வருஷம் ஓட்டுகிறவருக்குத் தப்பிப்போவது இந்த வாய்ப்புதான். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.