சிக்கன விலைக் கிட்டாரின் குணதோஷங்கள்

ராக் இசையிலும் ப்ளூஸ் இசையிலும் ஈடுபாடு கொண்டு, தாமும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வாசிக்கப் பழகவேண்டும் என்று விரும்புகிறவர்களில் பெரும்பாலோர், கையிலுள்ள பணம் சிறிதாகவும் மனத்திலுள்ள ஆசை பெரிதாகவும் இருக்கும் நிலையில், தாங்கள் போற்றும் வித்வான்கள் ஏந்திய வாத்தியத்தின் உருவத்தை ஒத்த மலிவான பிரதி ஒன்றையே நாடிச் செல்கிறார்கள். பிரதி என்றாலே போலி என்று கருதி, பணம் சேரும் வரையில் காத்திருந்து மூல வாத்தியத்தையே வாங்கவேண்டும் என்று உபதேசிப்பவர்கள் ஒரு பக்ஷம்; விரல்களில் வித்தை இருந்தால் எந்தக் கட்டையிலும் நாதம் பிறக்கும் என்று சொல்லி, விலையில் மிகக் குறைந்ததையே வாங்கச் சொல்பவர்கள் மற்றொரு பக்ஷம். இரண்டு அபிப்பிராயங்களிலும் ஓரளவு உண்மை இருப்பினும், ஒரு வாத்தியத்தின் விலையைக் குறைக்கும்போது அதன் எந்த அம்சம் தேய்கிறது, எந்த அம்சம் தேயாமல் நிற்கிறது என்ற கேள்வியை இரு சாராருமே எழுப்புவதில்லை. அதற்கு விடை கண்டாலன்றி, சிக்கனமாக வாங்கும் இவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் நடுநிலையோடு நிறுத்துப் பார்க்க இயலாது.

முதலில், இவ்விரு இசைகளும் வாத்தியத்தினிடம் எதைக் கேட்கின்றன என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். டி-போன் வாக்கரும் பி. பி. கிங்கும் வளர்த்த ப்ளூஸ் பாணியில், ஸ்வரத்தை அழுத்திய விரலாலேயே தந்தியைக் குறுக்கே தள்ளி அடுத்த ஸ்வரத்தின் ஸ்தானம் வரையில் ஏற்றுவதும், ஏற்றிய இடத்தில் அதை அசையச் செய்வதுமே உயிர்நிலை. வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை அறிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இவ்வாறு இழுக்கப்படும் தந்தி, ஃப்ரெட் எனப்படும் மெட்டுக் கம்பிகளில் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை உயர்ந்திருந்தாலும் அதில் உரசி மடிந்துபோகும். விரலை விட்டபின் தன் பழைய சுருதிக்குத் திரும்பாவிட்டால், அடுத்து வரும் ஸ்வரமே அபஸ்வரமாகிவிடும். ராக் இசையோ இதற்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது: ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு அப்பால் ஒலிக்கச் செய்து, நாதம் சிதைந்து கரகரக்கும்போதும் ஸ்வரம் நீண்டு நிற்கவேண்டும், அந்நிலையில், தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பிக்-அப் கிரகிக்கும் சிறு இரைச்சலும் பன்மடங்காகப் பெருகி வெளிவரும். ஆகவே, கழுத்தின் செப்பமும் சுருதியின் நிலைப்பும் முதற்கண் வேண்டுவன. பிக்-அப்பின் தகுதி அவற்றுக்கு அடுத்தபடி. மரத்தின் ஜாதியும் மேற்பூச்சின் பளபளப்பும் நெடுந்தூரம் பின்னால் நிற்பவை.

இன்று கடைகளில் தொங்கும் சிக்கன விலைக் கிட்டார்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு குலங்களைச் சேர்ந்தவை. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரையும் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் உருவாக்கியது ஒரு குலம். மிஷிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் நெடுங்காலமாக மாண்டலினும் கிட்டாரும் செய்துவந்த கிப்ஸன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் மற்றொரு குலம். கிட்டார் வாசிக்கத் தெரியாதவரும், பழுதுபார்ப்பவரின் கண்ணோடு வாத்தியத்தை நோக்கியவருமான ஃபெண்டர், தட்டையான பலகையை வெட்டி உடலாக்கி, கழுத்தைத் தனியே செய்து, நான்கு திருகாணிகளால் அதனை உடலோடு பிணைத்துவிட்டார். கிப்ஸன் நிறுவனமோ, மேற்பலகையை வளைவாகச் செதுக்குவதும், கழுத்தைப் பசையிட்டு உடலோடு ஒன்றாக்குவதும், தலைப்பகுதியைப் பின்னோக்கிச் சாய்ப்பதுமாகிய பழைய தச்சு மரபைக் கைவிடாமல் காத்தது. அதனோடு, ஸெத் லவர் என்ற பொறியாளர் வகுத்த ஹம்பக்கர் பிக்-அப்பை, அதாவது இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்சார இரைச்சலை ஒன்றைக்கொண்டு ஒன்று அழியச் செய்யும் அமைப்பை, 1957 முதல் தன் கிட்டார்களில் பொருத்தியது.

இவ்விரு குலங்களின் பிறப்பிலேயே அவற்றின் மலிவுப் பிரதிகளுடைய தலைவிதியும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. ஃபெண்டரின் வாத்தியம், பெரிய தச்சுத் தேர்ச்சி இல்லாத தொழிலாளரும் தொழிற்சாலையில் விரைவாகச் செய்து முடிக்கத்தக்க எளிமையை உத்தேசித்தே பிறந்தது. ஆதலால் அதன் விலையை மேலும் குறைக்க முற்படுகிறவர் அதன் ஆதார லக்ஷணங்களில் கைவைக்க வேண்டிய அவசியமே அநேகமாக நேர்வதில்லை. கழுத்து பழுதானால் வேறு கழுத்து, பிக்-அப் சரியில்லையெனில் வேறு பிக்-அப் என்று ஒரு திருகாணி முடுக்கியின் உதவியால் மாற்றிக்கொள்ளும் சௌகரியமும் அந்த எளிமையினின்றே பிறந்தது. கிட்டார் வித்வான் எரிக் கிளாப்டன் 1970-ஆம் ஆண்டில் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில், அக்காலத்தில் மதிப்புக் குன்றியிருந்த பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றை மலிவாக வாங்கி, அவற்றில் மூன்றின் சிறந்த உறுப்புகளை ஒன்றுசேர்த்து, 'பிளாக்கி' என்று தாம் பெயரிட்ட வாத்தியத்தை அமைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் அவருடைய பிரதான வாத்தியமாக விளங்கிய அது, 2004-இல் நியூயார்க் ஏலமொன்றில் 9,59,500 டாலருக்கு விலைபோயிற்று. பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்பே மேன்மைக்கும் இடம் கொடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

லெஸ் பால் குலத்தின் கதை வேறு. செதுக்கிய மேற்பலகை, பசையிட்ட மூட்டு, சாய்ந்த தலை ஆகிய ஒவ்வொன்றும் தேர்ந்த கையின் நேரத்தை வேண்டுவன. விலையைக் குறைக்கும்போது முதலில் குறைக்கப்படுவது அந்த நேரமே. கழுத்து உடலோடு சேரும் கோணம் பிசகினால், உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை எவ்வளவு உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் தந்திகள் விரலுக்கு இணங்கிய உயரத்தில் நில்லா. பசையிட்ட மூட்டைத் திருத்துவதோ வாத்தியத்தின் விலைக்கு மேல் செலவு வைக்கும் காரியம். கீழே விழுந்தால் தலைப்பகுதி முறிவது விலையுயர்ந்த மூல வாத்தியத்துக்கே உள்ள பலவீனமாதலால், பிரதிகளுக்கும் அது பிதுரார்ஜிதமாக வந்திருக்கிறது. ஆயினும், இக்குலத்துக்கே உரிய இரண்டு குணங்களை மறுப்பது நியாயமாகாது. ஹம்பக்கர், கரகரக்கும் ராக் நாதத்தில் இரைச்சலை அடக்கித் தடித்த ஒலி தருகிறது. தந்தியின் ஒலிக்கும் நீளம் ஃபெண்டர் கிட்டார்களில் 25.5 அங்குலமாயிருக்க, இங்கே அது ஏறத்தாழ 24.75 அங்குலமாகையால், அதே கனமுள்ள தந்தி அதே சுருதியில் சற்றே தளர்ந்து நின்று, ப்ளூஸ் வாசிப்பவரின் விரலுக்கு எளிதில் வளைந்து கொடுக்கிறது.

பிரதி செய்யும் தொழில் எவ்வாறு மேன்மை அடைந்தது என்பதையும் இங்கே நோக்க வேண்டும். 1970-களில் டோக்காய், கிரெகோ, ஐபனெஸ் முதலிய பெயர்களில் ஜப்பானியர் செய்த பிரதிகள் மூலங்களுக்கே போட்டியாகத் தலையெடுத்தபோது, கிப்ஸனின் உரிமையாளர்கள் 1977-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஃபெண்டர் நிறுவனமோ, தான் 1965-இல் விலைக்கு வாங்கியிருந்த தந்திக் கம்பெனியின் பெயரான ஸ்க்வையர் என்பதை இட்டு, 1982 முதல் ஜப்பானிலேயே தன் சிக்கனப் பிரதிகளைத் தானே செய்விக்கத் தொடங்கியது. கிப்ஸனும் தான் 1957-இல் வாங்கிய எபிஃபோன் கம்பெனியின் பெயரை இதே காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. பிற்பாடு இத்தொழில் கொரியாவுக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பரவிற்று. மரத்தை வெட்டும் வேலையைக் கணினி நடத்தும் இயந்திரங்கள் மேற்கொண்டன. அவ்வியந்திரம் சிக்கனக் கழுத்தையும் உயர்விலைக் கழுத்தையும் ஏறக்குறைய ஒரே நுட்பத்தோடு செதுக்கிவிடுகிறது; ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு மலிவுக் கிட்டார் என்றால் கோணிய கழுத்தும் விரல் நோகும் உயரத்தில் தந்தியுமாக இருந்த நிலைமை பெரும்பாலும் ஒழிந்துபோனது இதனாலேயே.

எனினும், இயந்திரம் செய்யும் வேலையில் சுருங்கிப்போன இடைவெளி, கை செய்யும் வேலையில் இன்னும் சுருங்கவில்லை. ஃப்ரெட் கம்பிகளை ஒரே மட்டமாக அராவி மெருகேற்றுவது, அவற்றின் ஓரங்களைக் கையைக் கீறாதபடி உருட்டுவது, கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு துண்டில் தந்திக்குத் தக்க அகலத்திலும் ஆழத்திலும் பள்ளம் எடுப்பது ஆகிய இவை பொறுமையுள்ள மனிதர் செய்யவேண்டியவை. சிக்கன வாத்தியத்தில் இவையே அவசரமாக முடிக்கப்படுகின்றன. பள்ளம் இறுகியிருந்தால், வளைத்து விட்ட தந்தி அதிலே சிக்கிக்கொண்டு சுருதிக்குத் திரும்பாது; வாசிப்பவர் முறுக்காணிகளைக் குறைகூறி, அவற்றை மாற்றப் பணம் செலவிட்டும் பயன் காணார். அதே சமயத்தில் இதில் ஒரு நற்செய்தியும் அடங்கியுள்ளது: கோணிய கழுத்தையும் தவறிய மூட்டையும் போலன்றி, இத்தோஷங்கள் அனைத்தும் உள்ளூரில் உள்ள ஒரு தேர்ந்த கைவினைஞரால் 'செட்டப்' என்ற பெயரில் சில மணி நேரத்தில் போக்கத்தக்கவை. இயந்திரம் நன்றாகச் செய்ததை வாங்கி, அது விட்டுவைத்ததைக் கையால் முடித்துக்கொள்வதே சிக்கனத்தின் உண்மையான யுக்தி.

சிக்கனமாக வாங்கும் இவ்வழக்கத்தின் பெருந்தோஷம், உருவ மோகத்தால் தேவையற்ற அங்கங்களுக்கும் பணம் போய்ச்சேர்வது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது, நெம்புகோலால் ஸ்வரத்தை அசைக்கும் டிரெமோலோ அமைப்போடு கூடியதற்கு 249.50 டாலரும், அது இல்லாததற்கு 229.50 டாலரும் விலையாயிருந்தன. அதாவது, அதைச் செவ்வையாகச் செய்வதற்குத் தனியே இருபது டாலர் தேவையென்று அதைப் படைத்தவரே மதித்திருந்தார். இன்றைய மிக மலிவான பிரதிகளில் அதே அமைப்பு மெல்லிய உலோகத்தில் பெயரளவுக்குப் பொருத்தப்பட்டு, அசைக்கும்தோறும் சுருதியைக் கலைக்கிறது. டெலிகாஸ்டர் வடிவத்தில் உள்ளதுபோல் அசையாத பிரிட்ஜைத் தேர்ந்துகொள்கிறவர், எதையும் இழக்காமலே வாத்தியத்தின் நம்பகத்தை அடைகிறார். ஒரு தந்தியை வளைத்தால் மற்றத் தந்திகளின் சுருதி இறங்கும் சங்கடமும் அவருக்கு இல்லை.

விரலில் வித்தை இருந்தால் போதும் என்னும் பக்ஷத்தாரின் வாதத்தையும் ஆராயாமல் விடலாகாது. சிகாகோவின் ப்ளூஸ் கலைஞரான ஹவுண்ட் டாக் டெய்லர் ஜப்பானில் செய்த மிக மலிவான கிட்டாரில் உள்ளத்தை உலுக்கும் இசையை எழுப்பினார் என்பது உண்மை. ஆனால் அவர் வாசித்தது ஸ்லைடு முறை. அம்முறையில் உலோகக் குழாய் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லுமேயன்றி, தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தும் அவசியம் இல்லை. கழுத்தின் செப்பக்குறைவும் தந்தியின் உயரமும் மற்றவர்களுக்குத் தடையாயிருக்க, அவருக்குத் தடையாகவில்லை. நேதன் டேனியல் நடத்திய டான்எலெக்ட்ரோ நிறுவனம், மரநார் அழுத்திய மேஸனைட் பலகையால் உடலும், உதட்டுச் சாயக் குழாய்க்குள் அடைத்த பிக்-அப்புமாகச் செய்து, ஸியர்ஸ் கடைகளின் வழியாகவும் விற்ற கிட்டார்கள், ஜிம்மி பேஜ் போன்ற ராக் வித்வான்களின் கைக்கும் பின்னாளில் சென்றன. மரம் உயர்ந்ததாக இல்லாவிடினும் நாதம் உயிரோடு இருக்கலாம் என்பதை இவை நிரூபிக்கின்றன. கழுத்து எப்படியிருந்தாலும் போதும் என்பதை அவை நிரூபிக்கவில்லை.

மற்றொரு தோஷம், உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரை மறந்துவிடுவது. 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு கிளாப்டன் பதிவு செய்த இசைத்தட்டில் உலகம் வியந்த நாதம், லெஸ் பாலுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவுக்கு மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்கும் உரியது. கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கினால், ஆறு பங்கைக் கிட்டாருக்கும், மூன்று பங்கை ஆம்ப்ளிஃபையருக்கும், ஒரு பங்கைச் செட்டப் செய்யும் கைவினைஞருக்கும் ஒதுக்குவது தக்க பிரிவினை என்பது என் அபிப்பிராயம்.

தேர்ந்தெடுக்கும் வேளையில் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைக்குமுன்பே பரீட்சை தொடங்கவேண்டும். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கம் உண்டா என்று நோக்குக. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, அதிர்வொலி கேட்கிறதா என்று செவிகொடுக்க. மேல்ஸ்தாயியில் ஒரு முழு ஸ்வரம் ஏறும்படி தந்தியை வளைத்து, ஒலி மடிகிறதா என்றும், விட்டபின் சுருதிக்குத் திரும்புகிறதா என்றும் ஆராய்க. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் விரல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்திருக்கின்றனவா என்று கவனிக்க. ஒரே விலையில், ஒரே பெயரில், அருகருகே தொங்கும் இரண்டு கிட்டார்கள் இப்பரீட்சையில் வெவ்வேறு விதமாகத் தேறுவது சகஜம். இதில் வென்றதை இணைத்து, குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு உண்டா என்று பார்த்தால் போதும்; பிக்-அப்பின் குறையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு இசைகளுக்கும் ஒரே வாத்தியம் வேண்டுவோருக்கு, ஃபெண்டர் முறையில் திருகாணியால் பிணைத்த கழுத்தும், பிரிட்ஜ் அருகில் ஒரு ஹம்பக்கரும், கழுத்துப் பக்கத்தில் ஒற்றைச் சுருள் பிக்-அப்பும் கொண்ட கிட்டாரே உசிதமானது. யமஹாவின் பஸிஃபிகா 112 இவ்வகைக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற உதாரணம். அதிலும் டிரெமோலோ இருப்பதால், அந்த நெம்புகோலைத் தொடாமல் வைத்திருப்பதே தொடக்கக்காரருக்கு நல்லது. சிக்கனமாக வாங்குவதைக் குறையாக எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. ஃபெண்டரின் எளிமையை நாடி, கழுத்தைப் பரீட்சித்து, கைவேலைக்கு ஒரு பங்கை ஒதுக்குகிறவருக்கு இவ்வழக்கத்தின் தோஷங்கள் அநேகமாகத் தீர்ந்துவிடுகின்றன. அத்தகைய கிட்டாரில் சில ஆண்டுகள் ஊன்றி வாசித்தபின், கழுத்தின் பருமன், தந்தியின் நீளம், பிக்-அப்பின் குரல் ஆகியவற்றில் தமக்கு இசைந்தது எது என்பதை அவருடைய விரல்களே அவருக்கு அறிவித்துவிடும். பெரும்பொருள் செலவிட்டு வாங்கும் காலம் அப்போதுதான் வருகிறது, அப்போது அவர் பிறருடைய புகழைக் கொண்டு அன்றித் தம் அனுபவத்தைக் கொண்டே தேர்ந்தெடுப்பார்.