விசாரணைக் குறிப்பில் விழாத சொல்

தலித் எழுத்து என்றதும் சேரி, வயக்காடு, டீக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிடுகின்றன. மில்லின் விசாரணை அறை மட்டும் வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமாவின் 'கருக்கு' (1992) மடத்துக்குள் இருக்கும் அதிகாரத்தைத் தோலுரித்தது. அதே ஊர் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) படித்துவிட்டு வேலைக்கு அலைகிறவனைக் காட்டியது. கிடைத்த வேலையை ஒரு தாளில் பறிக்கிற வித்தை இன்னும் எழுதப்படவில்லை. இத்தனைக்கும் பக்கத்து ராஜபாளையம் மில் ஊர்.

என் கையில் ஒரு பைல் இருக்கிறது. ரிங் பிரேமில் வேலை பார்த்த என் சொந்தக்காரருடையது. மில் பெயர் வேண்டாம். நடந்ததை அவர் சொன்னது இவ்வளவுதான்: "சாதியச் சொல்லி வாடான்னான். மரியாதையாப் பேசுங்கன்னேன். அம்புட்டுத்தான்." விசாரணை அதிகாரி எழுதியது: 'வேலை சம்பந்தமாக மேஸ்திரி கண்டித்தபோது எதிர்த்துப் பேசியதைத் தொழிலாளி ஒப்புக்கொள்கிறார்.'

இதைப் பிரதியாக வாசியுங்கள். பேச்சு ஆபீஸ் தமிழாகும்போது ஒரே ஒரு சொல் காணாமல் போகிறது. அது போனதும் அவமதித்தவன் கண்டித்தவனாகிறான். ரோஷப்பட்டவன் ஒப்புதல் கொடுத்தவனாகிறான். 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று அதற்குக் கீழே கையெழுத்து வேறு. படிச்சுக் காட்டுனாங்களா என்றேன். "எழுதுனாங்க, போட்டேன்."

இந்த அழிப்பில் மேனேஜ்மென்ட்டுக்கு மட்டும் பங்கில்லை. கூட உட்கார்ந்த யூனியன்காரர், "சாதியக் கொண்டாந்தா கேஸ் கெட்டுப்போகும்" என்றாராம். வர்க்கம் பேசுகிற வாய்தான்.

தொழிலாளர் நீதிமன்றம் நீக்கியது சரி என்றுவிட்டது. 1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1971இல் சேர்த்த 11-ஏ பிரிவு, சாட்சியத்தை நீதிமன்றமே எடைபோடலாம், தண்டனையைக் குறைக்கலாம் என்றது. கூடவே, பதிவில் இருப்பதை மட்டும் பார், புதுச் சாட்சியம் எடுக்காதே என்றும் சொன்னது. விசாரணையே முறைகேடு என்று தீர்ந்தால்தான் புதுச் சாட்சிக்கு வழி. அடுத்து நம்மாட்கள் 'அப்பீல்' என்கிறார்கள். அந்தச் சட்டத்தில் அப்பீலே இருந்ததில்லை. அரசியல் சாசனம் 226இன் கீழ் ரிட்தான். 2004இல் மதுரைக் கிளை வந்ததால் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை, அவ்வளவுதான் லாபம். ரிட்டிலும் சாட்சியத்தை மறுபடி நிறுக்க மாட்டார்கள். ஆதாரமே இல்லாமல் முடிவெடுத்தார்களா, முக்கியமானதைப் பார்க்காமல் விட்டார்களா என்றுதான் பார்ப்பார்கள். முதல் தாளில் விழாத சொல் மதுரைக்குப் போய்ச் சேராது.

தமிழ்த் தலித்துகள் ரத்தம் சிந்தித் தோண்டிய கோலார் தங்கவயலில் பால் ஆண்டனி என்ற பாதுகாப்பு அதிகாரியை 1985இல் சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. காசில்லாமல் வர முடியாதவரை, அவர் இல்லாமலே விசாரித்து 1986இல் நீக்கினார்கள். கிரிமினல் வழக்கில் 1987இல் விடுதலை. அந்த விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆனது. அதிகாரிக்கே இந்தக் கதி.

நம் பத்திரிகைகள் சாட்சியம் கேட்கும்போது வலியைத்தான் கேட்கின்றன, நானும் அப்படித்தான் வாசித்துப் பழகியவன். மெமோவுக்கு எழுதுகிற பதிலை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. ஆனால் ஒருத்தன் தன் பேச்சை அழியவிடாமல் எழுதியாக வேண்டிய இடம் அதுதான். விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அவர் சொன்ன சொல்லையே எழுதுங்க சார்" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மாணவர்கள் அதற்குப் பழகலாம்.

இந்த பைலில் ஒரு வரி மட்டும் தப்பி நிற்கிறது. குறுக்கு விசாரணையில் மேஸ்திரி சொன்ன பதில்: 'வழக்கமாகக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டேன்.' வழக்கமாக எப்படி என்று யாரும் கேட்கவில்லை. விசாரணை அறிக்கையிலும் தீர்ப்பிலும் அந்தப் பதிலைப் பற்றிப் பேச்சே இல்லை. ரிட் மனுவுக்காக வக்கீல் அதன்கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்.