கறுப்பின சூப்பர் ஹீரோக்களின் கூட்டணிகள்

அமெரிக்க காமிக்ஸில் கறுப்பின சூப்பர் ஹீரோக்கள் தங்களுக்குள் ஓர் அணியாகச் சேர்ந்து இயங்கும் கதைகள் மிகக் குறைவு. வாசகர்கள் மனதில் அமைத்துப் பார்க்கும் கூட்டணிகளோ ஏராளம். பிளாக் பாந்தரும் லூக் கேஜும் ப்ளேடும் ஸ்டோர்மும் சேர்ந்தால் யாரை வெல்ல முடியும் என்பதே அந்தக் கற்பனைகளின் வழக்கமான கேள்வி. அச்சில் வந்த சில கூட்டணிகளைப் பார்த்தால் பலம் அங்கே ஒரு பொருட்டே அல்ல என்று தெரியும். இவர்கள் எதற்காகக் கூடுகிறார்கள், கூடியபின் ஒருவரிடம் ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்பதில்தான் கதை நிற்கிறது அல்லது விழுகிறது.

வெள்ளைத் துணைவர்கள்

தொடக்கத்தில் கறுப்பின நாயகனுக்குத் துணையாக அமைந்தவர் எப்போதும் வெள்ளையரே. இன்னும் சரியாகச் சொன்னால், கறுப்பினத்தவரே துணையாக அமைந்தார். லீ ஃபாக் 1934-ல் தொடங்கிய மாண்ட்ரேக் கதைகளின் லொதார் இதற்குப் பழைய உதாரணம். முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமானவர் இவர். ஆப்பிரிக்காவில் அரச பதவியை விட்டுவிட்டு ஒரு மந்திரவாதியின் பின்னால் வந்தவர். சிறுத்தைத்தோல் உடுத்தி, கொச்சையான ஆங்கிலம் பேசி, அடிதடி வேலையைப் பார்த்துக்கொண்டார். 1960-களின் நடுவில் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரையத் தொடங்கிய பிறகே லொதாரின் உடையும் பேச்சும் மாறின.

அதே காலத்தில், 1966 ஜூலை தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 52-ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பிளாக் பாந்தரை அறிமுகப்படுத்தினர. வகாண்டாவின் அரசன் டிச்சல்லா, வெள்ளை நாயகர்கள் நால்வரையும் தன் நாட்டுக்கு விருந்தாளிகளாக அழைத்து, பொறிவைத்து ஒவ்வொருவராக மடக்குகிறான். லொதார் அரசைத் துறந்து பணியாளனானவர். டிச்சல்லா அரசனாகவே இருந்தான். இந்த வேறுபாடு பெரியது. ஆனாலும் டிச்சல்லாவை அடுத்து வந்தவர்களுக்கு அமைந்தது பழைய ஏற்பாடுதான். 1969-ல் வந்த ஃபால்கன், கேப்டன் அமெரிக்காவின் இணை. 1972-ல் தன் சொந்த இதழோடு வந்த லூக் கேஜுக்கு, விற்பனை சரிந்த சில ஆண்டுகளில், அயர்ன் ஃபிஸ்ட் என்ற பணக்கார வெள்ளை இளைஞனை மார்வெல் கூட்டாளியாக்கியது. கேஜும் அயர்ன் ஃபிஸ்டும் நல்ல ஜோடி, அதில் ஐயமில்லை. ஆனால் ஹார்லெம் தெருவிலிருந்து வந்த ஒருவன் தன்னைப் போன்ற இன்னொருவனிடம் பேசும் காட்சிக்கு இந்த அமைப்பில் இடம் குறைவாகவே இருந்தது.

அரசனும் கூலிக்காரனும்

பிளாக் பாந்தர், லூக் கேஜ் இணையில் உள்ள சாத்தியம் நிறம் அல்ல, வர்க்கம். கேஜ் செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவன். சிறைக்குள் நடந்த பரிசோதனையில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத தோலைப் பெற்றவன். வெளியே வந்ததும் தன் பலத்தைக் கூலிக்கு விடுகிறான். ஆரம்பகாலக் கதை ஒன்றில் டாக்டர் டூம் தரவேண்டிய 200 டாலர் பாக்கியை வசூலிக்க ஃபென்டாஸ்டிக் ஃபோரிடம் விமானத்தை இரவல் வாங்கிக்கொண்டு லாட்வேரியாவுக்கே போய்விடுகிறான். சிரிக்கவைக்கும் கதைதான். ஆனால் 200 டாலர் பாக்கியை விட்டுவிட முடியாத மனிதன் யார் என்பதும் அதில் இருக்கிறது.

எதிரில் நிற்பவன் வைப்ரேனியம் சுரங்கத்தின் உரிமையாளன். காலனியம் தீண்டாத, நூற்றாண்டுகளாக எல்லையை மூடிவைத்த நாட்டின் அரசன். கேஜின் மூதாதையர் கப்பலில் ஏற்றப்பட்ட காலத்தில் வகாண்டா என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியானவன் கேஜ். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் டிச்சல்லா. இருவரும் முதுகோடு முதுகு சேர்த்து நின்று வில்லன்களை அடிக்கும் அட்டைப்படத்தில் இந்தக் கேள்வி காணாமல் போய்விடும்.

ரெஜினால்ட் ஹட்லின் 2006-ல் எழுதிய பிளாக் பாந்தர் கதைகளில் டிச்சல்லா, கேஜ், ப்ளேடு, பிரதர் வூடூ, மோனிகா ராம்போ ஆகியோர் கத்ரினா புயலுக்குப் பிந்தைய நியூ ஓர்லியன்ஸில் சேர்கிறார்கள். இடத்தேர்வு கூர்மையானது. மோனிகாவுக்கு அது சொந்த ஊர். 1982-ல் கேப்டன் மார்வெலாக அறிமுகமாகி அவெஞ்சர்ஸ் தலைவியாகவும் இருந்த அவருக்கு இங்கே கொஞ்சம் இடமும் கிடைக்கிறது. ஆனால் அவர்கள் அங்கே மோதுவது ரத்தக்காட்டேரிகளோடு. உண்மையில் அந்த நகரத்தை மூழ்கடித்தவை உடைந்த வெள்ளத்தடுப்புச் சுவர்கள். காட்டேரிகளைக் கொல்லலாம், உடைந்த சுவருக்கு யார் பொறுப்பு என்று கேட்பது வேறு கதை. ஐவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மகிழ்ச்சி மட்டுமே படித்தபின் நினைவில் நிற்கிறது. அது சிறிய விஷயமல்ல என்றாலும் போதுமானதல்ல.

‘தி க்ரூ’, இரண்டு முறை

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 2003-ல் எழுதிய ‘தி க்ரூ’ இந்த வகையில் மிகத் தீவிரமான முயற்சி. தங்கை கொல்லப்பட்டதால் புரூக்ளினின் ஒரு கைவிடப்பட்ட பகுதிக்கு வருகிறான் வார் மெஷின் எனப்படும் ஜேம்ஸ் ரோட்ஸ். அங்கே இஸ்லாமிய மதபோதகர் ஜோசையா, காவல்துறை அதிகாரி காஸ்பர் கோல், யார் பக்கம் என்றே தெரியாத உளவாளி ஹுண்டா ஆகியோரின் பாதைகள் குறுக்கிடுகின்றன. இவர்களை யாரும் அழைக்கவில்லை, உறுதிமொழியும் இல்லை. ஒரே தெரு அவர்களை மெல்லக் கூட்டுகிறது. அணி உருவாகும் வேளையில், ஏழு இதழ்களோடு தொடர் நிறுத்தப்பட்டது.

2017-ல் டா-நெஹிசி கோட்ஸும் யோனா ஹார்வியும் ‘பிளாக் பாந்தர் அண்ட் தி க்ரூ’ என்று மீண்டும் தொடங்கினர். ஹார்லெமில் ஒரு முதிய சமூகப் போராளி போலீஸ் காவலில் இறக்கிறார். அந்த மரணத்தை விசாரிக்க ஸ்டோர்ம், லூக் கேஜ், மிஸ்டி நைட், டிச்சல்லா, ஆஸ்திரேலியப் பழங்குடியினரான மேனிஃபோல்டு ஆகியோர் சேர்கிறார்கள். முதல் இதழை மிஸ்டியின் பார்வையில் தொடங்கியது சிறந்த முடிவு. அவர் முன்னாள் போலீஸ். இறந்தவருக்கும் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் துறைக்கும் நடுவில் நிற்கும் அவருக்குத்தான் இந்த வழக்கு உண்மையில் வலிக்கும். கூட்டணிக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் அமைவது கடினம். இரண்டு இதழ்கள் வெளிவந்த நிலையிலேயே தொடர் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆறு இதழ்களில் முடித்துவைக்கப்பட்டது. சில மாதங்களுக்குப்பின், 2018 பிப்ரவரியில், ‘பிளாக் பாந்தர்’ திரைப்படம் வெளியாகி உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விற்கவில்லை என்ற காரணத்தைப் பதிப்பகத்தின் கணக்குப்புத்தகம் ஏற்கலாம். ஒரு புதிய அணிக்கு வாசகர் சேர இரண்டு இதழ் போதுமா என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது.

இதன் மறுபக்கத்தை எழுத்தாளர் டுவெய்ன் மக்டஃபி பலமுறை பேசியிருக்கிறார். ஓர் அணியில் கறுப்பினத்தவர் மூவர் ஆகிவிட்டால் அதைக் ‘கறுப்பர் கதை’ என்று சந்தை தனியே ஒதுக்கிவிடும் என்பது அவர் கருத்து. ‘ஜஸ்டிஸ் லீக்’ எழுதியபோது அதை நேரிலும் சந்தித்தார். அவரும் நண்பர்களும் 1993-ல் தொடங்கிய மைல்ஸ்டோன் இதற்கு ஒரு மாற்று. ஊரே தங்களுடையதாக இருந்தால் எத்தனை பேர் என்று எண்ண வேண்டியதில்லை. மைல்ஸ்டோனின் ‘ஐகான்’ இதழில் லூக் கேஜைக் கேலிசெய்யும் பக் வைல்ட் என்ற பாத்திரம் வந்தது. பழைய கறுப்பின நாயகர்களை நோக்கி அவர்களின் வாரிசுகளே சிரித்தது அங்கேதான். அந்தச் சிரிப்பில் மரியாதையும் இருந்தது.

எழுதத்தக்க ஒரு சந்திப்பு

வாசகர்கள் அதிகம் விரும்பும் ஸ்டாடிக், மைல்ஸ் மொராலிஸ் சந்திப்பு இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இருவரும் அறிவுக்கூர்மையுள்ள பதின்பருவத்தினர் என்பதால் எளிதில் ஒத்துப்போய்விடுவார்கள் என்ற சிக்கலும் உண்டு. மார்வெலுக்குள்ளேயே இதைவிடக் கனமான இணை இருக்கிறது: ப்ளூ மார்வெலும் ஐசையா பிராட்லியும். 2008-ல் கெவின் கிரேவியோ உருவாக்கிய ப்ளூ மார்வெல், முகமூடிக்குள் இருப்பவர் கறுப்பர் என்று தெரிந்ததும் அதிபர் கென்னடி கேட்டுக்கொண்டதால் விலகியவர். ஐசையா 2003-ல் ராபர்ட் மொராலிஸும் கைல் பேக்கரும் படைத்த ‘ட்ரூத்’ தொடரில் வருபவர். கறுப்பினப் படைவீரர்கள்மீது செய்த சீரம் பரிசோதனையில் மிஞ்சியவர். கேப்டன் அமெரிக்காவின் உடையை அணிந்து போனதற்காகச் சிறைவைக்கப்பட்டவர். அக்கதைக்குப் பின்னால் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த உண்மையான சிஃபிலிஸ் ஆய்வு இருக்கிறது.

ஒருவர் கண்ணியமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டார், மற்றவர் கேட்கப்படவே இல்லை. ஒருவர் ஒப்புக்கொண்டு விலகினார். அந்த ஒப்புதலை ஐசையாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் மனைவி ஃபெய்த்திடம் ப்ளூ மார்வெல் எப்படி விளக்குவார்? ஐசையா சீரத்தாலும் சிறையாலும் மனம் சிதைந்து குழந்தைபோல் ஆனவர், பதில் சொல்லமாட்டார். ஃபெய்த் சொல்வார்.