வாசலில் நிற்கும் மோளம்

இளம்பிள்ளையில் ஓசையற்ற பொழுது அரிது. சேலைகளுக்குப் பேர்பெற்ற இவ்வூரில் தெருவுக்குத் தெரு விசைத்தறிகள் ஓடுகின்றன. பாவின் குறுக்கே நாடா ஓடி மீளும் அந்த அடி காலை தொடங்கி இரவு வரை ஓயாது. மின்சாரம் நின்றால்தான் மனிதக் குரல்கள் தெளிவாகக் காதில் விழும். அப்படி நின்றுபோன ஒரு மாலையில், தறிக்கூடத்து வாசற்படியில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவருடைய கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டு எழுந்தது. கித்தாரும் இருந்தது, ஆனால் அதற்கும் மேலே தோற்கருவிகள் அதிர்ந்தன.

“சாவு மோளம் மாதிரி இருக்கிறதே, தம்பி” என்றேன்.

“ஆமாங்கய்யா, சாவு மோளந்தானுங்க. ஏன், கேக்கக் கூடாதுங்களா?” என்றார் அவர்.

கேள்வியில் குறும்பு இருந்தது. சிறிது காயமும் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் சென்னை இசைக்குழுவின் பாடல். அன்றிரவு தொடங்கிப் பல நாட்கள் அக்குழுவின் பாடல்களைக் கேட்டேன். பாராட்டத்தக்கது எது, குறைபட்டது எது, நம்பிக்கையாளராகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது எது என்று எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து 2017-ஆம் ஆண்டில் இக்குழுவை உருவாக்கினர். குழுவில் இருந்தோர் 19 பேர். கானா பாடகர்கள், சொல்லிசைக் கலைஞர்கள், பறையும் தவிலும் இசைப்போர், கித்தார் மீட்டுவோர் எனப் பல தரப்பினர் அதில் இருந்தனர். 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி நடந்தது. சென்னையின் புகழ்பெற்ற இசைவிழாக் காலமாகிய மார்கழியிலேயே அது நிகழ்ந்தது தற்செயலன்று. சபாக்களில் ஒலியாத கருவிகளுக்கு அதே மாதத்தில் ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. 2020 திசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவாகவே அவ்வெண்ணம் வளர்ந்தது.

குழுவின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்றோர் என்று அழைத்தார்; 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற இதழையும் தொடங்கி நடத்தினார். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டவரைச் சாதியே அற்றவர் என்று பெயரிட்டு அழைத்தது அவர் செய்த பெரும் தலைகீழாக்கம். அச்சொல்லின் வழித்தோன்றலே இக்குழுவின் பெயர். இத்தகைய பெயரைச் சூட்டிக்கொள்பவர் நாள்தோறும் அப்பெயருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவராகிறார். ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரைத் தாங்கும் நமக்கு இச்சுமை புதிதன்று.

இக்குழுவின் இசையை மதிப்பிடுவதற்கு முன் கானாவைப் பற்றி ஒரு சொல். வடசென்னையின் உழைக்கும் மக்கள், இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் கண்விழித்துப் பாடிய பாட்டு அது. இழந்தவர் ஆறுதல் பெற, வாழ்வின் நிலையாமையை நினைக்க, நடுநடுவே சிரிக்கவும் அது உதவியது. நமது ஆலயங்களில் தவக்காலத்தில் பாடப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கத்தை அறிந்தவர்களுக்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றாது. துயரத்தைத் தனியாளின் நெஞ்சில் விட்டுவிடாமல் ஊரே கூடிச் சுமப்பதற்கான வழி அது.

1990-களில் இசையமைப்பாளர் தேவாவின் வழியே கானா திரைப்படத்தில் பெரும்புகழ் பெற்றது. அதனால் கானாவைத் தமிழகமே அறிந்தது. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் திரை தனக்கு வேண்டிய துள்ளலையும் வேடிக்கையையுமே பெரிதும் எடுத்துக்கொண்டது. சாவும் பசியும் அவமதிப்பும் அந்தப் பாட்டின் பிறப்பிடத்திலேயே தங்கிவிட்டன. நாயகன் ஆடுவதற்குக் கானா வேண்டும். ஆனால் அதைப் பிறப்பித்த தெருவைப் பற்றிக் கேட்க எவருக்கும் நேரமில்லை என்றானது.

இவ்விடத்தில்தான் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதன்மையான சாதனையைக் காண்கிறேன். கானாவிடமிருந்து பறிக்கப்பட்ட பொருளை அவர்கள் அதனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை வாழ்வு, பெண்களின் வழிபாட்டு உரிமை ஆகியன அவர்களுடைய பாடுபொருள்கள். பொருள் மட்டும் புதிதாக இருந்திருந்தால் அது மேடைப்பேச்சாக முடிந்திருக்கும். அவர்கள் இசையின் அமைப்பையே மாற்றினர். பொதுவாக நம் மெல்லிசை மேடைகளில் நாட்டுப்புறக் கருவி ஒன்று வந்தால், அது ஊறுகாயைப் போல இலையின் ஓரத்தில் வைக்கப்படும். முன்னுரையில் எட்டு அடி, முடிவில் எட்டு அடி, அவ்வளவே. இவர்களுடைய சிறந்த பாடல்களிலோ சென்னையின் இறுதி ஊர்வலங்களில் ஒலிக்கும் சட்டியும் கட்டை மோளமும் பாட்டின் நடையைத் தீர்மானிக்கின்றன. கித்தார் அவற்றுக்கு ஏற்பத் தன் நடையை மாற்றிக்கொள்கிறது. மேலைநாட்டு ராக் இசையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சொல்லிசையும் இங்கே விருந்தாளிகள், வீட்டுக்காரர் கானாவே. சொல்லிசையும் கானாவும் இயல்பாகப் பொருந்துவதற்கும் காரணம் உண்டு. இரண்டும் பேச்சுக்கு மிக அருகே நிற்பவை; இரண்டும் தெருவில் வளர்ந்தவை.

சொல்லும் கருத்து பாட்டின் வரிகளில் மட்டுமன்றி, மேடையில் யார் நிற்கிறார், எந்தக் கருவி முன்னே வருகிறது என்பதிலும் இருக்க முடியும். உலக இசை வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1977-இல் தோன்றிய ‘தி ஸ்பெஷல்ஸ்’ என்னும் குழுவை எண்ணிப் பார்க்கலாம். நிறவெறி அமைப்புகள் தலைதூக்கிய அக்காலத்தில் வெள்ளை இளைஞரும் கறுப்பு இளைஞரும் ஒரே மேடையில் நின்று, ஜமைக்கா தீவின் ஸ்கா தாளத்தையும் ஆங்கிலேயரின் பங்க் இசையையும் ஒன்றாக்கினர். 1979-இல் அவர்கள் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே ‘இருநிறம்’ என்று பொருள்படும். வேலையின்மையால் வெறிச்சோடிய நகரைப் பற்றிய அவர்களுடைய பாடல் 1981 சூலையில், இங்கிலாந்தின் பல நகரங்களில் கலவரம் எழுந்த அதே நாட்களில், அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ஆயினும் அவ்வெற்றியின் உச்சியிலேயே குழு உடைந்தது. பாடகர் மூவர் பிரிந்து சென்றனர். ஒற்றுமையைப் பாடுவது ஒன்று, ஒற்றுமையாய் வாழ்வது வேறொன்று என்பதை அவர்களும் கண்டனர்.

நம் குழுவின் குறைகளையும் இவ்வெளிச்சத்தில் பார்ப்பதே முறை. முதலாவது, சில பாடல்களில் முழக்கம் இசையை முந்திவிடுகிறது. கேட்பவர் ஏற்கெனவே உடன்பட்டவர் என்று எண்ணிக்கொண்டு எழுதிய வரிகள் அவை. ஒவ்வாதவரின் மனத்தை அவை தொடுமா என்பது ஐயமே. ஓரத்தில் நிற்கும் ஒரு முதியவளின் முகத்தைக் காட்டும் வரி, பத்து முழக்கங்களைவிட ஆழமாய்ச் செல்லும். அறிவு பின்னர்ப் பாடிய பாடல்களில் இந்தப் பக்குவம் தெரிகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அவர் 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் பொதித்தார். மண்ணை உழைத்துப் பண்படுத்தியும் அம்மண்ணில் பங்கில்லாதவருடைய வரலாறு, தாலாட்டின் மென்மையோடு உலகெங்கும் சென்றது.

இரண்டாவது, 19 பேர் நின்ற முதல் மேடையில் பெண் ஒருவரே. அவர் கானா பாடகி இசைவாணி. ஆண்களே பாடிவந்த ஒரு துறையில் அவர் தம் குரலை நிலைநாட்டினார்; 2020-இல் பிபிசி நிறுவனம் உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அது அவருடைய பெருமை. ஆனால் ஒருவரே என்பது குழுவின் குறை. சாதி வேலியைப் பிடுங்க வந்தவர்களின் மேடையிலும் இன்னொரு வேலி நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது குறையை அவர்கள்மேல் முழுதும் சுமத்த முடியாது. ‘கலெக்டிவ்’ என்றால் கூட்டு. சந்தைக்கோ கூட்டு பிடிப்பதில்லை. அதற்குத் தனிமுகம் வேண்டும். எனவே குழுவினர் சிலர் தனித்துப் புகழ்பெற்றனர். அப்புகழிலும் நீதி கிடைத்ததா? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் வெற்றியையும் போற்றும் வகையில் ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. பாடலைத் தீயுடன் இணைந்து பாடியவரும் அதன் வரிகளை எழுதியவருமாகிய அறிவின் முகம் அதில் இல்லை. கண்டனங்கள் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனியாக இணையவழி அட்டை ஒன்று வந்தது. பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டா என்னும் பழைய வழக்கம் எத்துணை நுட்பமாகத் தொடர்கிறது!

பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டா. இச்சொற்களை எழுதும்போதே என் நெஞ்சு நம் பக்கம் திரும்புகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களினங்களின் சொந்த இசை மரபுகளை மதிக்கக் கற்பித்தது. வழிபாட்டுக்குத் தகுந்த உள்நாட்டுக் கருவிகளுக்கும் கதவு திறந்தது. அதன் பின்னர்த் தமிழக ஆலயங்களில் கர்நாடக இசை, நாட்டுப்புற மெட்டு, பறை என ஒவ்வொன்றாய் நுழைந்தன. சீர்திருத்த சபை மரபில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை அண்ணன்’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் ஆக்கினார். சாதாரண உழைப்பாளி பாடக்கூடிய பாட்டே வழிபாட்டுக்கு உரிய பாட்டு என்பது அவருடைய உறுதி. நம் திருச்சபையில், திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முன்னின்று வளர்த்த சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கைகளில் பறையைக் கொடுத்தது. இழிவின் சின்னம் என்று ஒதுக்கப்பட்ட கருவியைத் தன்மதிப்பின் சின்னமாக அப்பெண்கள் மாற்றினர். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நம்மிடையே இப்பணி நடந்தது என்பதில் பெருமை கொள்ளலாம்.

பெருமையோடு நின்றுவிட முடியுமா? இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, ஏறத்தாழ 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று கூறியது. சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்றும் அறிவித்தது. அதாவது நம் பெரும்பான்மையைப் பற்றியே நாம் பேசுகிறோம். இடஒதுக்கீடு பற்றிய காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடலை ஒரு தலித் கிறிஸ்தவர் கேட்கும்போது அவருக்கு இரட்டை வலி. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் இனத்தவருக்குள் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. கிறிஸ்துவில் சாதியில்லை என்று சட்டம் அவரிடம் சொல்கிறது. சாதி உண்டு என்று சில ஊர்களின் கல்லறைத் தோட்டச் சுவர் அவரிடம் சொல்கிறது. இரண்டில் எதை அவர் நம்புவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்கத்துக்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. வீட்டிலிருந்து ஆலயம் வரை மோளக்காரர் நால்வர் அடித்துக்கொண்டு முன்னே நடந்தனர். ஆலய வாசலில் மோளம் நின்றது. நாங்கள் உள்ளே சென்றோம். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அந்நால்வரும் வேப்ப மரத்தடியில் அமர்ந்திருந்தனர். “உள்ளே வந்திருக்கலாமே” என்று அவர்களுள் மூத்தவரிடம் கேட்டேன். “பழக்கமில்லீங்க சாமி” என்றார். அவர் கழுத்தில் செபமாலை கிடந்தது. அவரை எவரும் தடுக்கவில்லை, எவரும் அழைக்கவுமில்லை. அன்றைய திருப்பலியில் பாடகர் குழுவினர் மின்னணு விசைப்பலகையில் பறையின் ஒலியை எழுப்பித்தான் காணிக்கைப் பாடலைப் பாடினர். அது எங்கள் எவருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் அன்று உறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இறைவாக்கினர் ஆமோஸ், பாடல்களின் இரைச்சலை இறைவன் வெறுப்பதாகவும், நீதி ஆறாய்ப் பாய்வதையே அவர் கேட்பதாகவும் முழங்கினார். மாலைச் செபந்தோறும் நாம் பாடும் அன்னை மரியாவின் பாடலும் உயர்ந்தோர் தாழ்வதையும் தாழ்ந்தோர் உயர்வதையும் பற்றியதே. அப்பாடலை இனிய மெட்டில் பாடிப் பாடி அதன் கூர்மையை நாம் மழுக்கிவிட்டோமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடல்கள் எல்லாம் சிறந்த கலை என்று நான் சொல்ல வரவில்லை; அவர்களுடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதுமில்லை. ஆனால் கருவியையும் அதை இசைப்பவரையும் பிரிக்காமல் இருவரையும் ஒன்றாகவே மேடையின் நடுவுக்கு அழைத்து வந்தார்கள். அவர்களுடைய இசையில் நெடுங்காலம் நிற்கப்போவது அதுவே என்று எண்ணுகிறேன்.

அன்று மின்சாரம் வந்ததும் தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. அந்த இளைஞரும் எழுந்து உள்ளே போனார். கேட்கக் கூடாதுங்களா என்ற அவருடைய கேள்விக்கு நான் அப்போது விடை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பதே என் விடை. கேட்ட பிறகு, அடுத்த அடக்கத்தின்போது வேப்ப மரத்தடிக்கு நாமே நடந்து போய், அந்நால்வரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். முன்வரிசையில் இடம் இருக்கிறது.