நாற்பதாவது புடவை

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வை (2010) மறுபடி பார்த்தேன். தென் மாவட்ட கிராமத்துப் பிள்ளைகள் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறார்கள். வேலை போய்விடுமென்று பயந்து, காதலித்தவளையே தெரியாதென்கிறான் ஒருவன். அவள் உயிரை விடுகிறாள். அடியைவிட அவமானம் மனசை எப்படி அரிக்கும் என்பதை அழுத்தமாகச் சொன்ன படம்.

ஒரே குறை, சூப்பர்வைசர் கருங்காலி. பழியெல்லாம் அவர் தலையில் விழ, நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, பிரித்தவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போவது யார் சார்? நாம்தானே!

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லி 2021-ல் தமிழகத்தில் சட்டமே வந்துவிட்டது. முகம் பார்க்கச் சட்டம் வேண்டாம். வருகிற தீபாவளிக்கு, 'எந்த ஊரும்மா?'ன்னு கேட்டுப் பாருங்கள்.